சகலை பெயரில் ஒரு லேப்டாப்

போன ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை சகலைக்கு. என் மனைவியின் தங்கை கணவர். ரமேஷ் என்று வைத்துக்கொள்வோம்.

சாம்பார் வந்தது. ரமேஷ் இலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"'கழுத்தில் ஐடி கார்டு, ஆனால் ஆபீஸ்தான் இல்லை.' நல்லா இருக்குண்ணா. எந்த வாரம் வருது?"

அது நான் எழுதிய வரி. ஆனால் எங்கும் வெளிவராத வரி. எழுதினேன், மறுநாள் அழித்தேன்... அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அடையாறில் ஒரு பூங்காவில், வேப்ப மரத்தடி பெஞ்சில் ரமேஷ் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பெருங்குடியில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்க வேண்டிய ஆள்! அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் விசாரித்ததில், வேலை போய் ஒன்றரை மாதமாம். வீட்டில் சொல்லாமல் தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாராம். வாராவாரம் பத்திரிகைக்கு விஷயம் தேடி அலைகிற புத்தி, விடுமா? பெயரில்லாமல் நகைச்சுவையாக எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தபோது எனக்கே அசிங்கமாக இருந்தது. அழித்தேன்.

அழித்ததை இவர் எப்படிப் படித்தார்?

நான் பிறவி சந்தேகப் பேர்வழி என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். முதல் சந்தேகம் மனைவி மேல்.

"நான் எழுதினதை எடுத்துப் படிச்சியா?"

"அச்சுல வந்தாலே படிக்கிறதில்லை. அழிச்சதைத் தேடி வேற படிக்கணுமா?"

விடுதலை.

அடுத்தது பஷீர் பாய். சிந்தாதிரிப்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். போன மாதம் என் லேப்டாப் கீபோர்டு மாற்ற அவரிடம்தான் இரண்டு நாள் இருந்தது. இரண்டு நாளில் என்னவெல்லாம் படிக்கலாம்! மறுநாளே போனேன். நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல், "கடைக்கு வர்ற மெஷினில் இருக்கிறதை யாராவது பார்ப்பாங்களா பாய்?" என்று சுற்றி வளைத்தேன்.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"இன்னா சார், நான் படிச்சேனான்னு கேக்குறீங்களா? இருவது வருசமா கடை வச்சிக்கினு கீறேன். ஒருத்தர் ஃபைலைத் தொறந்தது கெடையாது."

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. அவர் லேப்டாப்பை வாங்கி எங்கோ தட்டினார். திரையை என் பக்கம் திருப்பினார்.

"இது யாரு பேரு?"

ரமேஷின் இமெயில்!

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருஷம் முன்னால் தி.நகரில் லேப்டாப் வாங்கியபோது ரமேஷ்தான் கூட வந்தார். முதல்முறை திறந்ததுமே அது என் இமெயிலைக் கேட்டது. எதற்கு? யாருக்கு? நான் தர மாட்டேன் என்றேன். "அப்போ என்னோடதைப் போட்டுடறேண்ணா" என்றார் ரமேஷ். கம்பெனியை ஏமாற்றிவிட்ட பெருமையில் அன்று நானே எல்லோருக்கும் காபி வாங்கித் தந்தேன்.

"போன மாசம் அப்டேட் ஆச்சில்ல, அதுலேர்ந்து நீங்க எழுதுறதெல்லாம் ஒரு காப்பி அவர் கணக்குக்குப் போய்க்கினு கீது. எழுதுன ஒடனே அவர் போன்லயும் தெரியும்."

"என்னைக் கேட்காமலேயா?"

"கேட்டிருக்கும் சார். நீங்க படிக்காம ஓகே அமுக்கியிருப்பீங்க."

பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க சார்" என்றார். அந்தக் கணக்கிலிருந்து லேப்டாப்பை விடுவித்து, என் பழைய கட்டுரைகளைப் பத்திரப்படுத்தி, லினக்ஸ் என்கிற வேறு இயங்குதளத்தைப் போட்டுத் தந்தார். இலவசமாம். இலவசம் என்றால் எனக்கு இன்னும் சந்தேகம் வருமே!

"எதுக்கு சும்மா தர்றாங்க?"

"அது எப்டி செஞ்சிருக்குன்னு யார் வேணாலும் தொறந்து பாக்கலாம் சார். ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல."

"பார்த்தா எனக்குப் புரியுமா?"

"உங்களுக்குப் புரியாது. ஆனா உலகம் பூரா உங்களை மாதிரி சந்தேகப் பேர்வழிங்க பாத்துக்கினே கீறாங்க."

இதைவிட நல்ல காரணம் எனக்கு வேண்டுமா? அது இமெயில் கேட்கவில்லை. பெயரும் பாஸ்வேர்டும் போதும் என்றது. தமிழ் டைப்பிங் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. பிரிண்டர் மட்டும் இன்னும் கோபித்துக்கொண்டிருக்கிறது. இருக்கட்டும்.

ரமேஷ் விஷயம்தான் நெஞ்சை அறுத்தது. அதே பூங்காவுக்குப் போனேன். அதே பெஞ்ச். மன்னிச்சுடுங்க என்று ஆரம்பித்ததுமே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படிச்ச அன்னிக்கே அவகிட்ட சொல்லிட்டேண்ணா. பத்திரிகைல பார்த்து அவ தெரிஞ்சுக்கக் கூடாதில்ல? இப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் வேலை தேடறோம். இங்க வர்றது மட்டும் பழகிடுச்சு."

இதை எழுதலாமா என்று கேட்டேன். பெயரை மாற்றச் சொன்னார். எழுதி முடித்து, பிரிண்டர் சதி செய்ததால் லேப்டாப்போடு அவர் வீட்டுக்கே போய் நேரில் காட்டினேன். இரண்டு முறை படித்தார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"அது வேப்ப மரம் இல்லண்ணா. தூங்குமூஞ்சி மரம்."

நான் மாற்றவில்லை. கிட்டே போய் ஒரு வார்த்தை கேட்காமல் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தவன் நான்... அது உங்களுக்கும் தெரியட்டும்.