மூன்றாம் மாடிக்குப் போன தாவரவியல் ஆசிரியை

பல்கலைக்கழகத்தில் அவரை எல்லோரும் 'ரேங்க் மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்தது என்னவோ தாவரவியல் ஆசிரியையாக. முதலாண்டுப் பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப் போவார். ஈரச்சுவரில் படர்ந்த பாசியை நகத்தால் சுரண்டிக் காட்டி, "இதைப் பாக்காம நடக்கிறவங்க வேற டிபார்ட்மென்டுக்குப் போயிடலாம்" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் குனிந்து பார்ப்பார்கள். அவருக்குக் கணக்கும் நன்றாக வரும். அதுதான் வினையாகப் போயிற்று.

அப்போது பல்கலைக்கழகம் நாட்டின் தரவரிசையில் அறுபத்தெட்டாம் இடத்தில் இருந்தது. புதிதாக வந்த துணைவேந்தர் அவரை அழைத்தார்.

"இனிமே உங்களுக்கு கிளாஸ் வேண்டாம் மேடம். ரேங்க் வேலையைப் பாருங்க."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"மேல வர்ற வரைக்கும்."

நிர்வாகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். ஏசி ஒழுகும், அடியில் ஒரு வாளி. தரவரிசைக்காரர்கள் கேட்பதெல்லாம் நாலைந்து விஷயம்தான்: எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர், எத்தனை ஆய்வுக் கட்டுரை, படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை, வெளியில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள். எங்கே கொஞ்சம் தள்ளினால் மதிப்பெண் எகிறும் என்பது அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டது. வாரத்துக்கு ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போகிறவர்கள் கணக்கில் முழுநேர ஆசிரியர்கள் ஆனார்கள். கட்டுரைக்கு ஊக்கத்தொகை என்றதும் வேதியியல் பேராசிரியர் ஒருவர் எழுதிக் குவித்தார். அவர் தூக்கத்திலும் எழுதுவார் போல என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். வகுப்பில் நன்றாகப் பாடம் நடத்துவதற்கு மட்டும் எங்கும் மதிப்பெண் இல்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான் பொய் எதுவும் எழுதலைங்க" என்றார் கணவரிடம்.

"நான் கேக்கவே இல்லையே" என்றார் கணவர்.

இரண்டே வருடத்தில் முப்பத்தொன்றாம் இடம். வாசலில் ஆளுயரப் பலகை வைத்தார்கள். கட்டணம் ஏறியது, கூட்டமும் ஏறியது. அந்தச் சமயத்தில்தான் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய ஒரே மகளுக்கு அத்தையைப் பார்த்துப் பார்த்தே தாவரவியல் மேல் ஆசை.

"வீட்டுப் பக்கத்துல இருக்கிற சின்ன காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. இவ என்னடான்னா உன் இடத்துலதான் சேருவேன்னு நிக்கிறா. நீ சொன்னா சரி."

தாவரவியல் துறையில் இரண்டு பேர் ஓய்வு பெற்றிருந்தார்கள். கட்டுரை அதிகம் வராத துறை என்பதால் அந்த இடங்களை யாரும் நிரப்பவில்லை. இது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் முழுவதும் போவோர் வருவோரெல்லாம் கைகொடுத்துப் பாராட்டியிருந்தார்கள்.

"சேத்து விடு அண்ணா. நான் இருக்கேன்ல" என்றார்.

வகுப்பு தொடங்கிச் சில வாரங்களில் அண்ணன் மகள் படியேறி வந்தாள்.

"அத்தை, செல் உயிரியலுக்கு டைம்டேபிள்ல உங்க பேர்தான் போட்டிருக்கு. எப்போ வருவீங்க?"

போட்டிருக்கத்தான் செய்தது. ஆசிரியர் எண்ணிக்கை குறையக் கூடாதென்று அவரே போட்ட பேர். மறுநாள் போனார். நுண்ணோக்கியைச் சரிசெய்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முதல் பெண் கண்ணை வைக்கும்போதே துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் அந்தப் பருவம் முழுக்கத் திரும்பவில்லை. பிள்ளைகள் செல்போனில் வீடியோ பார்த்துப் படித்தார்கள்.

பிறகு தரவரிசையின் விதிகள் மாறின. தவறென்று தெரிந்து ஆய்விதழ்கள் திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு மதிப்பெண்ணைக் கழித்தார்கள். வேதியியல் பேராசிரியரின் கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பப் பெறப்பட்டன. எண்ணிக்கையை ஏற்றும் வித்தைகளை மற்ற பல்கலைக்கழகங்களும் கற்றுக்கொண்டிருந்தன. அந்த வருடம் தொண்ணூற்று நாலாம் இடம். அதற்கடுத்த வருடம் பட்டியலில் பெயரே இல்லை. வாசல் பலகையைக் கழற்றினார்கள். துணைவேந்தர் அதற்குள் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அது இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது.

சேர்க்கை படுத்தது. மூட வேண்டிய துறைகளில் முதலாவது தாவரவியல். கடைசி வருடத்தில் இருந்த பிள்ளைகளை வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போங்கள் என்றார்கள். அவர் புதிய துணைவேந்தரிடம் ஓடினார்.

"இருக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும் நான் முடிச்சுக் கொடுக்கிறேன் சார். எல்லாப் பாடமும் நானே எடுக்கிறேன்."

"உங்களை அங்க அனுப்பிட்டா ரேங்க் வேலையை யார் பாக்கிறது? இப்போதான் மேடம் நீங்க எங்களுக்குத் தேவை."

அண்ணன் மகள் மாறவில்லை. சான்றிதழை வாங்கிக்கொண்டு போய் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அவர் பட்டறைக்குப் போனார். அண்ணன் முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நீ என்ன பண்ணுவே. மேல இருக்கிறவங்க சொன்னதைச் செஞ்சே" என்றார்.

"இல்லண்ணா. அங்க ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சேக்கச் சொன்னேன்."

அண்ணன் கத்தியிருந்தால் தேவலை. கையிலிருந்த கம்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட இதைச் சொல்லாதே" என்றார் கடைசியில். "அத்தைன்னா அவளுக்கு உசுரு. அதாவது மிஞ்சட்டும்."

முகக்கவசம் இறங்கியது. தீப்பொறி தெறித்தது. அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தார்.

தலைவலி மாத்திரை வாங்க அவர் இப்போது வேறு தெருவுக்குப் போகிறார். அண்ணன் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் போன் செய்கிறாள்; உடம்பு எப்படி இருக்கு அத்தை, ரொம்ப வேலையா அத்தை என்கிறாள். அவர் ஆமாம் என்கிறார். அடுத்த தரவரிசைக்கான விவரங்களை அனுப்பும் வேலை தொடங்கிவிட்டது. எப்படியாவது நூற்றுக்குள் வந்தாக வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவரும் ஆட்டினார்.