வலக்காதில் ஒட்டிய பிளாஸ்திரி

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பத்தொன்பது வயதில் கண் நரம்பு காய்ந்து பார்வை போனபோது, வீட்டில் எல்லோரும் என்னிடம் சொன்ன ஒரே சொல் 'உக்காரு' என்பதுதான். தாகமா, உக்காரு. யாரோ வந்திருக்கிறார்களா, உக்காரு. செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எனக்கென்றே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அதை ஆட்டி ஆட்டியே ஒரு காலை உடைத்தேன். மறுநாளே இன்னொன்று வந்தது.

அண்ணன் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். அங்கே யாரோ தள்ளிவிட்ட பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் இலவசப் பதிப்பை அதில் போட்டோம். நாற்பது நிமிடம் பேசும், பிறகு ஊமையாகிவிடும். அணைத்துப் போட்டால் இன்னொரு நாற்பது நிமிடம். என் முதல் விளையாட்டுகளையெல்லாம் இப்படி நாற்பது நாற்பது நிமிடமாகத்தான் ஆடினேன்.

அந்த விளையாட்டுகளில் படமே கிடையாது. திரை கறுப்பாகவே இருக்கும். எதிரி எந்தக் காதில் சத்தம் போடுகிறானோ அந்தப் பக்க அம்பு விசையைத் தட்டிச் சுட வேண்டும். பெரிய கம்பெனிகள் எங்களைத் திரும்பிப் பார்க்காத காலம் அது. ஏதோ ஒரு நாட்டில், பார்வையில்லாத ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு விளையாட்டை எழுதுவார். மின்னஞ்சல் குழுவில் அனுப்புவார். நாங்கள் ஆடிவிட்டுத் திட்டுவோம். அவர் திருத்தி மறுபடி அனுப்புவார். அந்தக் குழுவில் என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அதனாலேயே அவர்களை எனக்குப் பிடித்திருந்தது.

எதிரி எந்தப் பக்கம் என்று தெரிய ஹெட்போன் வேண்டும். அண்ணன் ஒன்று வாங்கி வந்தான். அதில் எது இடது, எது வலது என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். தடவினால் ஒன்றும் தெரியாது. "பாத்துச் சொல்லுண்ணா" என்றேன். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், "ஒயரு வர்ற பக்கம் ரைட்டு" என்றான். நான் அந்தப் பக்கம் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டேன்.

ஆடத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாக இருந்தது. இடக்காதில் உறுமுகிறவனை வல அம்பு தட்டினால்தான் சாகடிக்க முடிந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. விளையாட்டை எழுதியவர் நாட்டில் வண்டியே வலப்பக்கம்தான் ஓடுமாம், அப்புறம் விளையாட்டு மட்டும் நேராகவா இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

அப்போதுதான் மறைமலைநகர்க் கம்பெனி ஒன்றில் எனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். கம்பெனி பஸ் வாசலுக்கு வராது, ஜி.எஸ்.டி. சாலையின் எதிர்ப்பக்கம் நிற்கும்.

"நானு ஷிப்டுல கீறப்போ உன்ன ஆரு ரோடு தாண்டி வுடுவா?" என்றான் அண்ணன்.

"நானே தாண்டிக்கறேன்."

"லாரிக்காரன் இன்னா உனுக்கு மாமனா, பாத்து நிறுத்தறதுக்கு?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ரோட்டையே கம்ப்யூட்டருக்குள் கொண்டு வருகிறேன், காதை மட்டும் வைத்துத் தாண்டிக் காட்டுகிறேன் என்றேன். "நூறு தபா அடிபடாம தாண்டு, அப்பறம் பேசலாம்" என்றான். அவன் சும்மா சொன்னான். நான் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் அம்மா என்னையும் அண்ணனையும் திருவிடந்தைக் கோயிலுக்கு அழைத்துப்போனாள். கல்யாணமாகாதவர்கள் மாலை போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். மாலையோடு சுற்றி முடித்த கையோடு, அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஈ.சி.ஆர். சாலை ஓரத்துக்குப் போனேன். டேப் ரெக்கார்டரில் லாரி, பஸ், மீன் ஏற்றிய வேன், மகாபலிபுரத்துக்குப் பறக்கிற பைக் எல்லாவற்றையும் பிடித்தேன். அம்மா மாப்பிள்ளைக்கு வேண்டிக்கொண்டாள், நான் லாரிக்கு.

குழுவில் இருந்தவர்கள் சொல்லிக் கொடுத்தபடி விளையாட்டை எழுதினேன். நம் ஊரில் பாதி ரோடு வரை வண்டி வலப்பக்கமிருந்து வரும், நடுத்திட்டைத் தாண்டினால் இடப்பக்கமிருந்து. அதன்படி சத்தங்களை என் காதில் கேட்டுக் கேட்டு வைத்தேன். சத்தத்தை வலப்பக்கம் வைக்கும் எண் என்று நிரல் கையேட்டில் இருந்தது எனக்கு இடக்காதில் கேட்டது. கையேடு எழுதியவனையும் திட்டிவிட்டு எண்ணை மாற்றிப் போட்டேன். நூறு முறை தாண்டினேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினான். "சரி, பாக்கலாம்" என்றான். நான் வீடு முழுக்க நடந்து தீர்த்தேன்.

பெருமை தாங்காமல் விளையாட்டைக் குழுவுக்கு அனுப்பினேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் முதல் லாரியிலேயே செத்தார்கள். வலப்பக்கம் கவனி என்று எழுதியிருக்கிறாய், வண்டி இடப்பக்கம் வருகிறதே என்றார்கள். 'இது எங்கள் நாட்டுச் சாலை, உங்கள் பழக்கத்தை விட்டுவிட்டு ஆடுங்கள்' என்று காரமாகப் பதில் போட்டேன். இலங்கையிலிருந்து ஒருவர் எழுதினார்: 'எங்கள் நாட்டிலும் வண்டி உங்கள் நாட்டைப் போலத்தான் ஓடுகிறது. நானும் செத்தேன். உங்கள் ஹெட்போனைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.'

திருப்பிப் போட்டேன். முதல் லாரியில் செத்தேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தை மட்டுமா, ஒரு தேசத்தையே கோணல் என்றிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பந்தயம் ஜெயித்தது ஜெயித்ததாகவே இருந்திருக்கும். ஆனால் அண்ணன் உள்ளே வந்ததும் ஹெட்போனை அவன் மேல் வீசினேன். "கண்ணு இருந்து இன்னா பிரயோஜனம்? எது ரைட்டு, பாத்துச் சொல்லு இப்போ!"

அவன் பார்த்தான். ஒயர் வரும் பக்கம் இடது என்றே அச்சடித்திருந்ததாம். பிறகு சொன்னான். "அப்போ பக்கமே தெரியாமதான் நூறு தபா தாண்டிக்கீற. ரோட்டுல இப்டி ஆனா? வோணாம் பாப்பா. வேலைக்கு வர்லன்னு சொல்லிடு."

தப்பு அவனுடையது, தண்டனை எனக்கு. மறுநாள் மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சித்திரை வெயில். ஜி.எஸ்.டி. ஓரத்தில் நின்றபோது பயம்தான், வேறென்ன. ஆனால் அங்கே ஒயரும் இல்லை, பிளாஸ்திரியும் இல்லை; காதுகள் தத்தம் இடத்தில் இருந்தன. வலப்பக்கமிருந்து ஒரு பஸ், அதன் பின்னால் ஒரு லாரி. இரண்டும் போனதும் நடந்தேன். நடுத்திட்டில் குச்சி தட்டியது. ராங் சைடில் வந்த ஒரு பைக்குக்காக நின்றேன். அப்போது எனக்குப் பக்கத்தில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், சூடான காப்பியை உறிஞ்சுவது போல. கண்டுகொள்ளாமல் மீதிப் பாதியையும் தாண்டினேன். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துப் புளியமர நிழல் முகத்தில் பட்டது.

திரும்பாமலே கேட்டேன். "ண்ணா, செருப்பு எங்க?"

"சத்தம் கேக்கும்னு வூட்டுலயே வுட்டுட்டேன்" என்றான். "எப்போ தெரிஞ்சுது?"

"நடுவுல. எனுக்கு ரைட்டு பக்கம் நின்னுகினு இருந்த."

தன் கையைப் பார்த்துச் சரிபார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். "ஆமா" என்றான். "ரைட்டுதான்."

அந்த விளையாட்டு இன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடுவதில்லை. வேலையில் மட்டும் இன்னும் இருக்கிறேன்.

அன்று வீடு திரும்ப மறுபடி அதே ரோட்டின் ஓரத்துக்கு வந்தோம். அவன் என் கையைப் பிடித்து இழுப்பான் என்று காத்திருந்தேன். தார்ச் சூட்டில் கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டே அவன் என்னைக் கேட்டான்.

"இப்போ போலாமா பாப்பா?"

"இரு," என்றேன். "ஒரு வண்டி வருது."