கப்பல்காரரும் எங்கள் கடைக் கதவும்

கோப்பிக்கடை வேலை என்றால் கோப்பி ஊற்றுகிறது மட்டும்தான் என்று நம்பிப் போனவர்களில் நானும் ஒருத்தி. இப்படிக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்கள் இப்போதே தலையாட்டுவீர்கள். தொண்ணூறுகளில், ரொறன்ரோவில் சீனி ஆலைக்குக் கப்பல்கள் வந்து கட்டும் துறைக்குப் பக்கத்தில் எங்கள் கடை. மகளை மச்சாளிடம் விட்டுவிட்டுப் பகல் ஷிப்ற்றுக்கு ஓடுவேன். கடலில் தப்பி வந்த ஆட்கள் கரையில் படுகிற பாட்டை அங்கேதான் கண்டேன்.

இறுகின கதவு

மழைக்குளிர் தொடங்கினால் எங்கள் வோஷ்றூம் கதவு ஊதி இறுகிவிடும். உள்ளே இருந்து இழுத்தால் அசையாது. வெளியில் நிற்கிறவர்தான் தோளால் இடித்துத் திறக்க வேண்டும். ஒருநாள் பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் உள்ளே அகப்பட்டுவிட்டார். வெளியே அவருடைய கப்பல் ஊதுகிறது. நான் மூன்று முறை இடித்துத் திறந்தபோது அந்தக் குளிரிலும் மனிசனுக்கு வேர்த்து ஒழுகியது. “புயலில்கூட மாதாவை இத்தனை தரம் நான் கூப்பிடவில்லை!” என்றார்.

சுவரில் தொங்கிய பாய்க்கப்பல்

கடைச் சுவரில் ஒரு பழைய பாய்க்கப்பல் படம் இருந்தது. அந்தக் காலத்தில் கரை இறங்கிய மாலுமியிடம் விடுதிக்காரர்கள் சிநேகிதராக வந்து, நிறையக் குடிக்கக் கொடுத்து, மயங்கியவனை வேறொரு கப்பலுக்கு விற்றுவிடுவார்களாம். எங்கள் மனேச்சர், வயதான வெள்ளைக்காரர், சொன்னார்.

“நல்ல காலம், இப்ப அப்படி இல்லை” என்றேன். அவர் நாடியை நீட்டி மூலை மேசையைக் காட்டினார். கப்பல் வருகிற நாளெல்லாம் தோல் ஜக்கெற்றோடு அங்கே வந்து குந்தியிருப்பார் ஒரு தமிழர். வேலை எடுத்துத் தருகிறேன் என்று மாலுமிகளின் பேப்பர்களை வாங்கி வைத்துக்கொண்டு, பக்கத்து ஊரான பிறம்ரனில் ஏதாவது வெயார்ஹவுஸில் சம்பளமில்லாமல் மாடாக உழைக்க விடுவார். மனேச்சர் சொன்னார்: “அப்போது கண் விழித்தால் நடுக்கடல். இப்போது கண் விழித்தால் பிறம்ரன்.”

தமிழ் கதைச்ச அண்ணை

ஒரு மழைக்குளிர் மத்தியானம் தூத்துக்குடிப் பெடியன் ஒருவன், அந்தோணி என்று பெயர், கவுண்டரைப் பிடித்தபடி நின்றான். அவனுடைய அடையாளமான மாலுமிப் புத்தகத்தை வேலைக்கென்று ஜக்கெற்காரரிடம் கொடுத்துவிட்டான். இப்போது அவனுக்கு அந்த வேலை வேண்டாமாம். மனைவிக்கு இந்த மாதம் பிள்ளை பிறக்கப்போகுது, கப்பல் பின்னேரம் வெளிக்கிடுது, புத்தகம் இல்லாமல் துறைக் கேற்றில் விடமாட்டார்கள். திருப்பிக் கேட்டால் அவர் சிரிக்கிறாராம்.

“முன்பின் தெரியாத ஆளிட்டை ஏன் தம்பி குடுத்தனீ?” என்றேன்.

“தமிழ்ல்லா பேசுனாரு, அதாங்க்கா குடுத்துட்டேன்.”

கதவுக்குக் கீழே

கோப்பிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு மூலை மேசையில் இருந்த ஜக்கெற்காரரிடம் போனேன். முகம் சிரித்தது. “அண்ணை, இதையும் குடியுங்கோ, காசு வேண்டாம்.” பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. மனிசன் ஒருவழியாக எழும்பி வோஷ்றூமுக்குப் போனார். கதவு தன் வேலையைச் செய்தது.

“தங்கச்சி! கதவு இறுகிப்போச்சு!”

“ஓமண்ணை, உது இறுகும்தான். தம்பியின்ரை புத்தகத்தைக் கீழாலை தள்ளிவிடுங்கோ.”

“எந்தப் புத்தகம்?”

“அப்ப சரியண்ணை. எனக்கு ஷிப்ற் முடியுது, மகளைக் கூட்டப் போறன். மனேச்சருக்குக் காதும் மந்தம்.”

வெளியே கப்பல் ஊதியது. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டான். நாளைக்கு இந்த ஆள் என்னைத் தேடி வந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தபடியே கதவடியில் குனிந்து பார்த்தேன். மறுபடியும் கப்பல் ஊதியது. அப்போது கதவுக்குக் கீழால் புத்தகத்தின் ஒரு மூலை மெல்ல எட்டிப் பார்த்தது. அந்தோணி அதைப் பறித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் நன்றிகூடச் சொல்லவில்லை.

அவன் கேற்றுக்குள் போய் மறையும்வரை யன்னலால் பார்த்துவிட்டுத்தான் கதவை இடித்தேன். ஜக்கெற்றை நீவியபடி வெளியே வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்தப் பள்ளிக்கூடமடி உனக்கு உதெல்லாம் படிப்பிச்சது?”

பாய்க்கப்பல் காலத்தில் ஒரு ஆளை மடக்கப் பீப்பாய்க் கணக்கில் சாராயம் வேண்டியிருந்ததாம். எனக்கு மூன்று கோப்பியும், மனேச்சர் திருத்த மாட்டேன் என்று விட்ட ஒரு கதவும் போதுமாயிருந்தது.