பின்னாலிருந்து ஒரு குரல்

செஞ்சியிலிருந்து சென்னை போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அவர். நரைத்த மீசை, மடியில் பெட்டி. கோட்டை மலை மறைந்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். வேலைக்குத் திரும்புகிற நாட்டில் கலவரமாம், தெருவில் சுடுகிறார்களாம்.

“போய்த்தான் ஆவணுமாண்ணே?” என்றேன்.

“வேணாம்னு யாராச்சும் சொல்வாங்கன்னு பாத்தேன் தம்பி. கெளம்பறப்ப பின்னால கூப்ட்டா சகுனம் ஆவாதுன்னு திரும்ப உக்கார வெப்பாங்கல்ல? அதுக்குத்தான் ஷூ லேஸை அவுத்து அவுத்துக் கட்டிக்கினு வாசல்லயே நின்னேன். வீட்ல ஒருத்தரும் கூப்புடல.”

தாம்பரத்தில் இறங்கி நடந்தார். மனசு கேட்காமல் ஜன்னல் வழியே, “அண்ணே!” என்று கத்திவிட்டேன். அப்படியே நின்று ஆவலாகத் திரும்பினார். நான்தான் என்று தெரிந்ததும் லேசாகச் சிரித்து, கையாட்டிவிட்டு நடந்தார்.