விற்றுவிட்ட ஊறுகாய்

என் மனைவி போடும் சூரை மீன் ஊறுகாயில் பதினொரு பொருள்கள். ஒன்பதை யாரும் ஊகித்துவிடலாம். மற்ற இரண்டை இங்கேகூட எழுத முடியாது, கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இந்தத் தீவில், டாலிகஞ்சில் எங்கள் தெருவிலிருந்து யார் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினாலும் அவள் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புவாள். மூன்று நாள் கப்பல் சாப்பாடு அது இல்லாமல் இறங்காது என்பார்கள். அப்படிப் போன பாட்டில் ஒன்று சென்னையில் ஓர் உணவு நிறுவன அதிகாரியின் வீட்டை எட்டியது. அவர் விமானம் ஏறி வந்துவிட்டார்.

நான் லேசில் விடவில்லை. ரகசியம் காப்பதாக எழுதி வாங்கிய பிறகே மூடியைத் திறந்தேன். அவர் சாப்பிட்ட தட்டை உடனே கழுவினேன். ஒட்டியிருக்கும் எண்ணெய் போதுமே, ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

“வந்தவரைத் திருடன் மாதிரி பாக்காதீங்க,” என்று அடுப்படியிலிருந்து அதட்டினாள்.

செய்முறைக்கு விலை படிந்தது. இனி நாங்கள் விற்கக் கூடாது, வெளியாருக்குக் கொடுக்கவும் கூடாது. அவள் கேட்டது ஒன்றுதான்: “நம்ம ஊர்க் கடைக்கும் வருமா தம்பி?”

“கண்டிப்பா வரும்மா.”

அதன்பின் சரக்குக் கப்பல் வந்த மறுநாளெல்லாம் கடைக்குப் போனாள். “அடுத்த ஜஹாஜ்ல பாக்கலாம்மா,” என்பார் கடைக்காரர். இங்கே எது கிடைக்காவிட்டாலும் கப்பல்மேல் பழி போட்டே பழகிவிட்டோம். அவள் நம்பினாள். ஆறு கப்பல்வரை நானும் நம்பினேன்.

பிறகு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அந்த அதிகாரி வேலையை விட்டிருந்தார். புதிதாக வந்தவர் சொன்னார்: “அதைத் தயாரிக்கிற பிளான் இல்ல சார். வேற கம்பெனிக்குப் போயிடக் கூடாதுன்னு வாங்கி வச்சது.”

“அப்போ திருப்பிக் கொடுத்துடுங்க.”

“அதுக்கு வழியில்ல சார்.”

அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் சென்னைக்குக் கிளம்பினாள். “அக்கா, என் பாட்டில் எங்க?”

“இப்பக் குடுக்கக் கூடாதுடி, கம்பெனி சொத்து. அங்க கடைகடையா இருக்கும், வாங்கிக்க.” அத்தனை பெருமை அந்தக் குரலில்.

இருபது நாளில் அவள் திரும்பி வந்தாள்.

“கெடைச்சுதா?”

“கெடைச்சுதுக்கா. அப்படியே உங்க கைப்பக்குவம்.”

“எனக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கலாம்ல?”

“அது… அங்கேயே தீந்துபோச்சுக்கா.”

மனைவி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் டீ போட்டுக் கொடுத்தாள். அவள் போன பிறகு என்னிடம் திரும்பினாள்.

“பாவம், எனக்காகப் பொய் சொல்றா. உங்களுக்கு எப்பத் தெரியும்?”

அந்த டீ டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

போன வாரம் வண்டூரிலிருந்து நல்ல சூரை வந்தது. வீட்டுக்குப் போட்டுக்கொள்ளத் தடையில்லை, ஒப்பந்தத்தை நான்கு முறை படித்துவிட்டேன் என்றேன்.

மீனைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குழம்புக்கு நறுக்கினாள்.

“நம்ம ரெண்டு பேருக்கு எதுக்குங்க ஊறுகா?”