மரவள்ளித் தழையை யார் போட்டது

எங்கள் வீட்டுக்கு வாழ வருகிற பெண்களிடம் என் மாமனார் பேசும் முதல் பேச்சே மாட்டைப் பற்றித்தான் இருக்கும். நான் தாலி கட்டிக்கொண்டு வந்த மறுநாள் எனக்குச் சொன்னார். என் மகனுக்கு உளுந்தூர்பேட்டையில் பெண் எடுத்தபோது, அந்தப் பெண் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவளுக்கும் சொன்னார். "எம்மா, பச்ச மரவள்ளித் தழைய மட்டும் மாட்டுக்குப் போட்டுடாத. வெசம். களத்துல போட்டு நல்லா காயணும், அப்புறம் எவ்ளோ வேணா போடு." அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சங்கராபுரத்தைத் தாண்டி மலைப்பக்கம் போகிற வழியில் எங்கள் கொல்லை, பயிர் வைக்கிற நிலம். கொல்லை முழுக்க மரவள்ளிதான். கிழங்கு ஜவ்வரிசி மில்லுக்குப் போகும், காய்ந்த தழை மாட்டுக்குப் போகும். வீட்டில் நாலு தலைமுறை இருந்தாலும் மாட்டுக் கொட்டாய்க்கு ராஜா மாமனார் ஒருத்தர்தான். என் வீட்டுக்காரர் பேரப்பிள்ளை எடுத்துவிட்டார், ஆனாலும் ஒரு கன்றுக்குட்டிக்குக் கயிறு மாற்ற வேண்டுமென்றால் தகப்பனைக் கேட்டுத்தான் மாற்றவேண்டும். எனக்கு ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வரும். "இன்னா இது, பெரிய கலெக்டர் ஆபீஸா?" என்று முணுமுணுப்பேன். பிறகுதான் புரிந்தது, அந்தக் கொட்டாயைப் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் படுத்த படுக்கையாகிவிடுவார் என்று.

போன வருஷம் மாமனாரிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ மாறியது. காப்பி குடித்துவிட்டு "இன்னும் காப்பி தரல" என்பார். என்னை, செத்துப்போன அவர் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிடுவார். வயசாச்சு இல்லையா என்று எல்லோரும் சிரித்து விட்டுவிட்டோம்.

கிழங்கு பிடுங்கின கொல்லையில் மழைக்கு இளந்துளிர் விட்டிருந்த சமயம். சாயங்காலப் பால் கறக்கக் குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தேன். கொட்டாயிலிருந்து மருமகள் போட்ட சத்தத்தில் குண்டான் கையை விட்டு நழுவியது.

"அத்தே! செவல வுழுந்துடுச்சு அத்தே!"

ஓடினேன். செவலை நிறைமாதச் சினை. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வயிறு பானை மாதிரி உப்பி, வாயில் நுரை தள்ளி, காலை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கொல்லையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் அதன் முகத்துக்கிட்டே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தீனித் தொட்டிக்குள் சிவப்புக் காம்போடு பச்சைத் தழை. மரவள்ளித் தழை! அதுவும் விஷம் கூடின இளந்துளிர்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாம்பு கிடந்திருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன். எங்கள் கொட்டாயில், எங்கள் தொட்டியில், அந்தத் தழையா?

கொட்டாய் விட்டத்தில் ஒரு பை எப்போதும் தொங்கும். அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்களில் போட்டோ கழுவுகிற உப்பு அதில் இருக்கும். இந்த விஷத்துக்கு அதைக் கரைத்து ஊற்றச் சொல்லி மாட்டு டாக்டர் கொடுத்து வைத்தது. என் வீட்டுக்காரர் அதைக் கரைக்க, நான் செவலையின் தலையை மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மருமகள் அழுதுகொண்டே டாக்டருக்குப் போன் போட்டாள்.

அப்போதுதான் மாமனார் உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்தார். அவ்வளவுதான், சாமி வந்தவர் போல ஆகிவிட்டார்.

"எந்த நாயிடா போட்டது? எத்தினி தடவ சொல்லிக்கினு இருக்கறேன்? ஏம்மா, நீயா?"

"சத்தியமா நா இல்ல தாத்தா!" மருமகள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேம்பினாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தப் புள்ள மேல ஏன் மாமா பாயறீங்க?" என்று கத்தத்தான் தலையை நிமிர்த்தினேன். பாதி வார்த்தை வாயிலேயே நின்றுபோனது.

அவர் கையில் அரிவாள். அதன் கூர்வாயில் வெள்ளையாகத் தழைப்பால் வடிந்து இன்னும் காயாமல் இருந்தது. தோள் துண்டில் கிழிந்த மரவள்ளி இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

என் வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மாமனார் நடிக்கவில்லை. பீடி குடித்துவிட்டு இல்லை என்று சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. ஆயுசு முழுக்க எங்களை மிரட்டி வைத்த மனுஷன், தன் கையாலேயே அறுத்துவந்து போட்டுவிட்டு, யார் போட்டது என்று எங்களைக் கேட்கிறார்.

டாக்டர் வந்து ஊசி போட்டார். செவலை பிழைத்தது. வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "கன்னு அசையுது, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு அந்தச் சந்தோஷம்கூடச் சரியாக உறைக்கவில்லை. இனிமேல் பெரியவரைக் கொட்டாய்ப் பக்கம் விடக்கூடாது என்று முடிவாயிற்று. அதை அவர் பிள்ளைதான் சொல்லவேண்டும். "காலைல சொல்லிடறேன்" என்றவர் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்தாரே ஒழிய ஒரு வாய் சாப்பிடவில்லை.

விடிந்ததும் மூன்று பேரும் போனோம். மாமனார் எங்களுக்கு முன்னாடியே அங்கே இருந்தார். செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அதற்குள் மாமனார் திரும்பிக் கேட்டார்.

"டேய், செவல இன்னாத்துக்குடா இப்டி சோந்துபோயி நிக்குது? யாருனா பச்சத் தழ போட்டீங்களா?"

நேற்று நடந்தது ஒன்றுமே அவரிடம் இல்லை. அத்தனை கூச்சல், அத்தனை அழுகை, டாக்டர் வந்தது, எல்லாம் போய்விட்டது. மருமகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாந்தான் நைனா. தெரியாம போட்டுட்டேன்."

முதுகில் பளாரென்று ஒன்று விழுந்தது. "அறிவு கெட்டவனே! பேரன் எடுத்துட்ட, இன்னும் புத்தி வரல! சென மாடுடா அது! இனிமே நா இல்லாம கொட்டாயில கால வெச்ச, பாரு!"

"சரி நைனா. இனிமே உங்கூடவேதான் வருவேன். தனியா வரவே மாட்டேன்."

"இந்தா, இதத் தூக்கிக்கினு என் பின்னாடியே வா. எத அறுக்கணும்னு நா சொல்றேன்."

மாமனார் நீட்டிய அரிவாளை என் வீட்டுக்காரர் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முன்னால் தகப்பனும் பின்னால் பிள்ளையுமாகக் கொல்லைக்கு நடந்தார்கள். எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கும் கேட்டாருன்னா இன்னா அத்தே சொல்றது?" என்றாள் மருமகள்.

"நாளைக்கு நாந்தான் போட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்றேன்.