சூட்டியின் நெஞ்சுச் சத்தம்

இலங்கையின் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் பால் வெட்டியவர் பிலோமினம்மா. அங்கே வேலைநாட்கள் குறைந்ததும் பக்கத்திலிருந்த குரங்குக் காப்பகத்தில் கூண்டு கழுவச் சேர்ந்தார். வீடுகளில் சங்கிலியோடு கிடந்து மீட்கப்பட்ட இருபத்திரண்டு ரிலவாக் குரங்குகள் அங்கே இருந்தன. அவற்றில் வயதானது சூட்டி. பிலோமினம்மாவைக் கண்டதும் கம்பிவலையில் முதுகைச் சாய்த்து, பேன் பார்க்கச் சொல்லி அடம்பிடிக்கும்.

போன ஆகஸ்டில் சூட்டியின் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்தது. மயக்க ஊசி போட்டுப் பிடுங்குவதென்று முடிவாயிற்று. ஊசித் துப்பாக்கியோடு மேற்பார்வையாளர் சுரேந்திரன் வந்தபோது, பிலோமினம்மா கூண்டுக் கதவை மறித்து நின்றார்.

“கொஞ்சம் பொறுங்க தம்பி. இதுக்கு நெஞ்சுல என்னமோ இருக்கு.”

“பல்லு வலிதான்க்கா. வழி விடுங்க.”

“பல்லு வலின்னா திங்காதுல்ல? இது திங்குது. மேல ஏறயிலதான் பாதியில நின்னு மூச்சு வாங்குது. குந்திக்கிட்டே தூங்குது. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் இருந்தாரு. வால்வு பழுதுன்னு தெரியிறப்போ எல்லாம் கைமீறிப் போச்சு.”

“ஒங்களுக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?”

மகள் ரோஷானியின் படிப்பு இந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. ஆனாலும் பிலோமினம்மா கதவை விட்டு நகரவில்லை.

சத்தம் கேட்டு மிருக வைத்தியர் மஸீஹா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தயங்கினார். “முழிச்சிருக்கிற ரிலவாவோட நெஞ்சில நான் எப்படி ஸ்டெதஸ்கோப் குழாய் வைக்கிறது? கையக் கடிச்சுக் குதறிடுமே.”

“எங்கிட்ட வரும் மிஸ். நீங்க பக்கவாட்டுல வையுங்க.”

பிலோமினம்மா வலைக்குள் விரல்களை விட்டு முடியைக் கோதினார். சூட்டி சாய்ந்தது. மஸீஹா மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயை வலையோடு அழுத்தினார். சூட்டி பல்லைக் காட்டி உறுமியது. பிலோமினம்மாவின் விரல்கள் நிற்கவில்லை.

“சுரேந்திரன், துப்பாக்கியக் கீழ வைங்க,” என்றார் மஸீஹா. “துடிப்போட சேர்ந்து இரைச்சல் கேக்குது. வழக்கமான அளவு மயக்க மருந்து குடுத்திருந்தா இது எழும்பியிருக்காது.”

பத்து நாள் இதய மருந்து கொடுத்த பிறகு, குறைந்த மயக்கத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். இதய வால்வு ஒன்று தடித்துப்போய், மூடாமல் இரத்தத்தைப் பின்னோக்கிக் கசியவிட்டது. மனிதருக்கு வருவதுபோலக் குரங்குக்கும் தானாக வருகிற நோய்தான் என்றார் மஸீஹா. அதே மயக்கத்தில் பல்லைப் பிடுங்கும்போது துடிப்பு சரசரவென்று இறங்கியது. மஸீஹா மயக்கவாயுவை நிறுத்தி ஒட்சிசனைக் கூட்டினார். பிலோமினம்மா மாதாவைக் கூப்பிட்டபடி சூட்டியின் பாதத்தைப் பிடித்திருந்தார். நான்கு நிமிஷம் கழித்து அந்தப் பாதம் அவர் விரலை இறுக்கியது.

பிறகு மற்ற இருபத்தொன்றையும் சோதித்ததில் இன்னும் இரண்டுக்கு அதே நோய் இருந்தது. வாழைப்பழத்தில் மாத்திரை வைத்து ஊட்ட, சூட்டி மேலும் எட்டு மாதம் உயிரோடிருந்தது. சுரேந்திரன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் இப்போது எந்தக் குரங்குக்கு ஊசி போடுவதென்றாலும் முதலில் பிலோமினம்மாவிடம் வந்து, “அக்கா, இது எப்படி மூச்சு விடுது?” என்று கேட்கிறார்.